ஆப்ஜெக்ட் ஏன் போகமாட்டேன் என்கிறது? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கு. இரவு முழுக்கப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பைத்தான் புரோகிராம் ஒன்று அங்கே ஓடியது. எழுதியது எங்கள் குழு. சில நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பிரிண்டர் புதிய வேலையை வாங்க மறுத்துவிடும். புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் ஒழுங்காக ஓடும். மறுநாள் பிரச்சினையே வராது, அதற்கடுத்த நாள் இரவு பதினோரு மணிக்கே வந்துவிடும். அலுவலகத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தப் பகுதியை எழுதியவர் எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர். "அண்ணா, டெல் மெத்தட்ல பிரிண்டர் கனெக்‌ஷனை மூடியிருக்கேன். ஆப்ஜெக்ட் போனா கனெக்‌ஷனும் போயிடணும். ஏன் போகலைன்னே தெரியலை" என்றார். அவருடைய கேள்வி சரிதான். பதிலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். அதனால் இப்போது நானே எழுதுகிறேன். பைத்தானை வைத்தே சொல்கிறேன். ஜாவாவும் மற்ற மொழிகளும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

தொடங்கும் முன் ஒரு அடிப்படை

நம் ஊர் உணவங்காடி நிலையத்தில் மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து 'சோப்' செய்துவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டு, சாப்பாடு வாங்கப் போவோம். பொட்டலம் இருக்கும்வரை அது ஆள் உள்ள மேசை. பைத்தானில் ஓர் ஆப்ஜெக்ட்டும், அதாவது புரோகிராம் மெமரியில் உருவாக்கும் எதுவும், அப்படித்தான். ஒரு வேரியபிள், ஒரு லிஸ்ட், ஒரு டிக்‌ஷனரி என்று எது அதைச் சுட்டினாலும் அது ஒரு பொட்டலம். இதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். இந்தக் கட்டுரையில் 'பிடி' என்று சொல்கிறேன். நாம் பரவலாகப் பயன்படுத்தும் சிபைத்தான் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்கும் எத்தனை பிடி என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சுழியம் ஆன அந்த நொடியே டெல் மெத்தட்டைக் கூப்பிட்டுவிட்டு மெமரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டெல் மெத்தட் என்று நான் சொல்வது, பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவோமே, அது.

டெல் கட்டளை வேறு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். டெல் கட்டளை கொடுத்தால் போவது அந்தப் பெயர் மட்டும்தான், அதாவது ஒரே ஒரு பொட்டலம். மேசையில் இன்னொரு பொட்டலம் இருந்தால் ஆப்ஜெக்ட் அசையாது.

எண்ணிக்கை தவிர இன்னொரு வழியும் பைத்தானில் உண்டு. இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெளியே இருந்து யாரும் பிடிக்காமல் விட்டால், இரண்டின் எண்ணிக்கையும் சுழியம் ஆகாது. இந்த வட்டங்களைத் தேடிப் பிரிக்கும் கார்பேஜ் கலெக்டர் 2000ஆம் ஆண்டு வந்த பைத்தான் 2.0இல் சேர்ந்தது. ஆக, சுத்தம் செய்ய இரண்டு ஆள். ஒருவர் உடனே வருவார், இன்னொருவர் தன் முறை வரும்போது வருவார். பிழை தேடும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஆப்ஜெக்ட் இந்த இருவரில் யாருக்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான்.

அறிகுறி: டெல் மெத்தட் ஓடவே இல்லை

நூற்றுக்குத் தொண்ணூறு கேஸில், யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கார்பேஜ் கலெக்டரில் பிழை இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கினால் நேரம்தான் வீணாகும். பிடித்திருப்பவர் யார் என்று தேடுங்கள்.

தேடும் முறை இது. சந்தேகப்படும் ஆப்ஜெக்ட்டுக்கு வீக்ரெஃப் மாட்யூலை வைத்து ஒரு பலவீனமான பிடி எடுத்துக்கொள்ளுங்கள். அது எண்ணிக்கையைக் கூட்டாது. பிறகு வழக்கமான வேலையை ஓடவிட்டு, ஆப்ஜெக்ட் போயிருக்க வேண்டிய இடத்தில் அந்த வீக்ரெஃபைக் கூப்பிட்டுப் பாருங்கள். நன், அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு, வந்தால் ஆப்ஜெக்ட் போய்விட்டது. ஆப்ஜெக்ட்டே திரும்பி வந்தால் அது உயிரோடு இருக்கிறது. அப்போது சிஸ் மாட்யூலின் கெட் ரெஃப்கவுன்ட்டைக் கேட்கலாம். நீங்கள் அனுப்பும் ஆர்கியுமென்ட்டும் ஒரு பிடியாகச் சேர்வதால், அது நீங்கள் நினைப்பதைவிட ஒன்று கூடுதலாகக் காட்டுவது வழக்கம். அதற்காகப் பதற வேண்டாம். எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் போதாது, பிடித்திருப்பவரின் முகம் தெரிய வேண்டும். அதற்குக் கார்பேஜ் கலெக்டருக்கான ஜிசி மாட்யூலில் கெட் ரெஃபரர்ஸ் இருக்கிறது. ஓர் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் அதைப் பிடித்திருப்பவற்றை லிஸ்ட்டாகத் தரும்.

துவாஸ் விஷயத்தில் நாங்கள் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். லேபிள் வேலை ஒன்று முடிந்த பிறகும் அந்த ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தது. கெட் ரெஃபரர்ஸ் கேட்டோம். வந்தது ஒரு ஃபிரேம், அதாவது ஒரு ஃபங்ஷன் ஓடும்போது அதன் லோக்கல் வேரியபிள்களை வைத்திருக்கும் பெட்டி. அந்த ஃபங்ஷன் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்த ஃபங்ஷனின் பெட்டி ஏன் இன்னும் இருக்க வேண்டும்? ஃபிரேமைப் பிடித்திருப்பது யார் என்று கேட்டோம், ஒரு டிரேஸ்பேக், அதாவது பிழை எந்த வழியாக வந்தது என்ற பதிவு. டிரேஸ்பேக்கைப் பிடித்திருப்பது யார்? ஓர் எக்ஸெப்ஷன், அதாவது பிழையைச் சொல்லும் ஆப்ஜெக்ட். எக்ஸெப்ஷனைப் பிடித்திருப்பது யார்? ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் தம்பியின் முகம் மாறிவிட்டது. காலையில் மேலாளருக்கு அனுப்பும் அறிக்கைக்காக, இரவில் வரும் பிழைகளையெல்லாம் சேர்த்து வைக்க அவரே எழுதிய லிஸ்ட் அது.

ஒரு பெட்டியின் முகவரியில் தப்பான எழுத்து இருந்தால் லேபிள் தயாரிக்கும் ஃபங்ஷன் ஓர் எக்ஸெப்ஷனை எழுப்பும். அவர் அதைப் பிடித்து, பின்னால் அறிக்கையில் போட லிஸ்ட்டில் சேர்த்தார். எக்ஸெப்ஷன் தன் டிரேஸ்பேக்கைப் பிடித்திருக்கிறது, டிரேஸ்பேக் ஃபிரேமைப் பிடித்திருக்கிறது, ஃபிரேம் அதில் உள்ள செல்ஃபை, அதாவது அந்த லேபிள் ஆப்ஜெக்ட்டையே, பிடித்திருக்கிறது, செல்ஃப் பிரிண்டர் கனெக்‌ஷனைப் பிடித்திருக்கிறது. பிரிண்டரோ ஒரு நேரத்தில் ஒரு கனெக்‌ஷனைத்தான் ஏற்கும். தப்பான முகவரி எந்த மணிக்கு வருகிறதோ அந்த மணிக்குப் பிரிண்டர் பூட்டிக்கொண்டது. அலுவலகத்தில் நாங்கள் சோதித்த முகவரிகள் எல்லாமே சுத்தமானவை. எங்களுக்கு ஏன் வரவே இல்லை என்பதற்கும் அதுதான் பதில்.

எக்ஸெப்ஷனை ஆப்ஜெக்ட்டாகச் சேர்த்து வைக்காதீர்கள். டிரேஸ்பேக் மாட்யூலை வைத்து அதை எழுத்தாக்கி, அந்த எழுத்தைச் சேர்த்து வையுங்கள். பைத்தான் 3இல் எக்செப்ட் பிளாக் முடிந்ததும் அதில் 'ஆஸ்' போட்டு வைத்த பெயரைப் பைத்தானே அழித்துவிடுவது இந்தச் சங்கிலி நீடிக்கக் கூடாது என்றுதான். நாம் அதை வேறு இடத்தில் சேமித்தால் அந்த ஏற்பாடு பயனில்லாமல் போகிறது.

இதே அறிகுறிக்கு நான் அடிக்கடி பார்க்கும் மற்ற காரணங்கள்:

முன்பு கணக்கிட்ட விடைகளைச் சேர்த்து வைக்கும் எல்ஆர்யூ கேஷ் டெக்கரேட்டரைக் கிளாஸுக்குள் உள்ள மெத்தட்டின் மேல் போட்டிருப்பார்கள். செல்ஃபும் ஓர் ஆர்கியுமென்ட் என்பதால் கேஷ் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இயல்பு அளவான 128 பதிவுகள் நிரம்பி, பழையது வெளியே தள்ளப்படும்வரை அந்த ஆப்ஜெக்ட் இருக்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் மெமரி கசிந்த புரோகிராம்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டை எங்காவது கால்பேக்காக, அதாவது பின்னால் கூப்பிடச் சொல்லி, பதிந்திருப்பார்கள், திரும்ப எடுத்திருக்க மாட்டார்கள். மெத்தட்டைப் பதிந்தால் ஆப்ஜெக்ட்டையே பதிந்ததாகத்தான் கணக்கு. பிரவுசரில் ஈவென்ட் லிஸனரும் இதே கதைதான். பக்கத்திலிருந்து எடுத்த உறுப்பை நீண்ட நாள் வாழும் ஏதோ ஓர் ஆப்ஜெக்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கிற இடமே பிடித்திருக்கலாம். பைத்தான் பிராம்ப்ட்டில் ஓர் ஆப்ஜெக்ட்டின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினால், கடைசியாகக் காட்டிய மதிப்பாக அது அடிக்கோடு என்ற பெயரில் தங்கிவிடும். "டெல் போட்டும் போகலை" என்று பிராம்ப்ட்டில் காட்டுபவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். டிபக்கரும் அப்படியே. ஆப்ஜெக்ட்டின் ஆயுளைச் சோதிக்கும்போது தனி ஃபைலாக எழுதி ஓட்டுங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் நேரம் கெட்ட நேரத்தில்

ஒரு நாள் உடனே ஓடும், ஒரு நாள் பத்து நிமிடம் கழித்து ஓடும், சின்ன சோதனையில் புரோகிராம் முடியும்போது மட்டும் ஓடும். இப்படி இருந்தால் ஆப்ஜெக்ட் வட்டத்தில் சிக்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். தாய் ஆப்ஜெக்ட் பிள்ளையை லிஸ்ட்டில் வைத்திருக்கும், பிள்ளை 'என் தாய் யார்' என்று திரும்பப் பிடித்திருக்கும். வட்டம் உருவாக அது போதும்.

கார்பேஜ் கலெக்டர் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. எண்ணிக்கையைப் பார்த்து வேலை செய்கிறது. லிஸ்ட், டிக்‌ஷனரி, நம் கிளாஸ் ஆப்ஜெக்ட்டுகள் போன்றவை எத்தனை புதிதாகப் பிறந்தன, எத்தனை போயின என்ற வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால் இளைய தலைமுறையை, அதாவது அண்மையில் பிறந்தவற்றை, சுத்தம் செய்யும். பல ஆண்டுகளாக அந்த எல்லை 700 ஆக இருந்தது. உங்கள் பதிப்பில் என்ன என்பதை ஜிசி மாட்யூலின் கெட் த்ரெஷோல்டைக் கூப்பிட்டு நேரடியாகப் பாருங்கள். இதனால்தான் பரபரப்பான சர்வரில் சீக்கிரம் ஓடுகிற டெல் மெத்தட், சும்மா இருக்கும் சர்வரில் ஓடாமலே கிடக்கிறது. வேலை இல்லாவிட்டால் புதிய ஆப்ஜெக்ட் பிறக்காது, எண்ணிக்கை ஏறாது, கலெக்டரும் வராது.

உறுதிப்படுத்த ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஜிசி மாட்யூலை டிசேபிள் செய்துவிட்டுச் சந்தேகப்படும் வேலையை ஓட்டுங்கள். டெல் மெத்தட் ஓடாது. பிறகு ஜிசி கலெக்ட்டை நீங்களே கூப்பிடுங்கள். அந்த வரியில் சட்டென்று ஓடினால் வட்டம்தான், சந்தேகமே வேண்டாம். கலெக்ட் கூப்பிட்டும் ஓடாவிட்டால் முந்தைய அறிகுறிக்குப் போங்கள், வெளியே ஒருவர் பிடித்திருக்கிறார்.

சோதனைக்குப் பயன்பட்ட கலெக்ட் வரியை அப்படியே புரோகிராமில் விட்டுவிடாதீர்கள். "இருந்துட்டுப் போகட்டும், வேலை செய்யுதே" என்பார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முழுச் சுத்தம் நடந்தால் பெரிய புரோகிராமில் வேகம் விழும். அதைவிட மோசம், வட்டம் அப்படியே இருக்கும், நாளை வேறு இடத்தில் தலைகாட்டும். பிள்ளை தாயைப் பிடிக்கும் இடத்தில் வீக்ரெஃப் போடுங்கள். வட்டம் உடையும், எண்ணிக்கை வழியாகவே உடனே போய்விடும்.

பழைய புரோகிராம்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று. பைத்தான் 3.4க்கு முன், டெல் மெத்தட் உள்ள ஆப்ஜெக்ட் வட்டத்தில் மாட்டினால் கலெக்டர் அதைத் தொடாது. எதை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் ஜிசி கார்பேஜ் என்ற லிஸ்ட்டில் போட்டுவிட்டுப் போய்விடும். 3.4இல் அது மாறியது. இன்னும் எங்காவது பைத்தான் 2 ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அந்த லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள்.

பைத்தானை ஓட்டும் இன்னொரு வடிவமான பைபை, ஜாவா, டாட்நெட் போன்றவற்றில் எண்ணிக்கை முறையே கிடையாது. 'உடனே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சிபைத்தானில் ஃபைலை மூடாமல் விட்டும் தப்பித்த புரோகிராம், பைபையில் போட்டதும் எழுதிய வரிகள் ஃபைலில் பாதி இல்லாமல் நிற்கும். ஜாவாவின் ஃபைனலைஸ் மெத்தட் ஜாவா 9இலேயே 'பயன்படுத்தாதீர்கள்' என்று குறிக்கப்பட்டது, ஜாவா 18இல் நீக்கப்படப்போவதாகவே அறிவிக்கப்பட்டது. அதை நம்பிப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம்.

அறிகுறி: "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்"

மெமரி தாராளமாக இருக்கும், ஆனால் ஃபைலோ சாக்கெட்டோ திறக்க முடியாது. பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு புரோசெஸுக்கு இயல்பாகக் கிடைக்கும் எல்லை 1024. கார்பேஜ் கலெக்டர் பார்ப்பது ஆப்ஜெக்ட்டுகளை. எத்தனை ஃபைல் திறந்திருக்கிறது, எத்தனை டேட்டாபேஸ் கனெக்‌ஷன் மிச்சம் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. புதிய ஆப்ஜெக்ட்டுகள் அதிகம் பிறக்காதபோது அது அவசரப்படாது, அதற்குள் உங்கள் 1024 தீர்ந்துவிடும்.

லினக்ஸில் புரோக் டைரக்டரிக்குள் உங்கள் புரோசெஸ் எண்ணுக்குக் கீழே எஃப்டி என்ற டைரக்டரி இருக்கும். அதை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியல் எடுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கசிவு, எந்த ஃபைல் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே பாதி விடை. அப்புறம் பைத்தானை மைனஸ் எக்ஸ் டெவ் சேர்த்து ஓட்டுங்கள். 3.7இல் வந்த வசதி இது. மூடாமல் விட்ட ஃபைலுக்கு ரிசோர்ஸ் வார்னிங் கொடுக்கும். மெமரி எந்த வரியில் வாங்கப்பட்டது என்று பதியும் டிரேஸ்மாலாக்கையும் சேர்த்து ஓட்டினால் அந்த ஃபைல் எந்த வரியில் திறக்கப்பட்டது என்றும் சொல்லும்.

இங்கே என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மெமரியைத் திரும்ப எடுப்பது மொழியின் வேலை, அதைத் தாராளமாக நம்பலாம். ஃபைல், சாக்கெட், லாக், பிரிண்டர் ஆகியவற்றை மூடுவது நம் வேலை. முன்பு உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுவிட்டுப் போவோம், துப்புரவாளர் எப்போதோ வருவார், அதுவரை அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். 2021 செப்டம்பர் 1 முதல் தட்டை நாமேதான் திருப்பி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. வித் பிளாக்கும் ஜாவாவின் டிரை வித் ரிசோர்ஸும் செய்வது அதைத்தான். எழுந்து போகிறபோதே தட்டு திரும்பிவிடும், எக்ஸெப்ஷன் வந்து அவசரமாக எழுந்தாலும்கூட. லேபிள் புரோகிராமில் எக்ஸெப்ஷன் லிஸ்ட்டைச் சரிசெய்ததோடு நாங்கள் நிற்கவில்லை. பிரிண்டர் கனெக்‌ஷனையும் வித் பிளாக்குக்குள் கொண்டுவந்தோம். பிறகு யார் எதைப் பிடித்திருந்தாலும் பிரிண்டருக்குக் கவலையில்லை.

அறிகுறி: வேலை நடக்கும்போதே ஆப்ஜெக்ட் காணாமல் போகிறது

இது எதிர்ப்பக்கம். யாருமே பிடிக்காததால் சீக்கிரம் போய்விடுகிறது.

டெம்ப்ஃபைல் மாட்யூலில் டெம்பரரி டைரக்டரி ஒன்றை உருவாக்கி, அதே வரியில் அதன் பெயரை மட்டும் எடுத்து வேரியபிளில் வைப்பார்கள். பெயர் கையில் இருக்கும், ஆப்ஜெக்ட்டை யாரும் பிடிக்கவில்லை. அடுத்த வரிக்கு வருவதற்குள் டைரக்டரியே அழிந்திருக்கும். திரையில் ஜன்னல்கள் வரைய உதவும் டிகிண்ட்டரில் படம் தெரியாமல் வெற்றிடமாக நிற்பதும் இதனால்தான். ஃபோட்டோ இமேஜை ஒரு ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிளில் வைத்தால் ஃபங்ஷன் முடிந்ததும் படமும் போய்விடும்.

பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் அசிங்க்ஐஓவில் இது இன்னும் நயமாக வந்து ஏமாற்றும். கிரியேட் டாஸ்க் கூப்பிட்டுவிட்டு, அது திருப்பித் தருவதை எங்கும் வைக்காமல் விடுகிறோம். ஈவென்ட் லூப் டாஸ்க்குகளுக்குப் பலவீனமான பிடிதான் வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஓடிவிடும். என்றாவது ஒரு நாள் பாதியில் கலெக்டர் வந்து எடுத்துக்கொண்டு போகும், எந்தச் சத்தமும் இல்லாமல். "சில மின்னஞ்சல் மட்டும் போறதில்ல" என்ற புகார் வந்தால் இந்த இடத்தைப் பாருங்கள். டாஸ்க்கை ஒரு செட்டில் சேர்த்து வைத்து, முடிந்ததும் அதிலிருந்து எடுக்கும்படி ஒரு டன் கால்பேக் போட்டால் சரியாகிவிடும்.

வீக்ரெஃப் கற்றுக்கொண்ட புதிதில் ஓர் ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டுக்கு வீக்ரெஃப் எடுப்போம். எடுத்த கணமே செத்துவிடும், ஏனென்றால் மெத்தட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பௌண்ட் மெத்தட் பிறந்து உடனே போகிறது. அதற்கென்றே வீக் மெத்தட் தனியாக இருக்கிறது.

அறிகுறி: டெல் மெத்தட் ஓடியது, ஆனால் பாதியில் நின்றது போலிருக்கிறது

டெல் மெத்தட்டுக்குள் எக்ஸெப்ஷன் வந்தால் அது மேலே போகாது. பைத்தான் அதை விழுங்கிவிட்டு, 'எக்ஸெப்ஷன் இக்னோர்டு இன்' என்று தொடங்கும் ஒரு செய்தியை எரர் வெளியீட்டில் போடும். அந்த வெளியீட்டை எங்கும் சேமிக்காத சர்வரில் யாருக்கும் தெரியாது. சிஸ் மாட்யூலின் அன்ரெய்ஸபிள் ஹுக்கில் உங்கள் ஃபங்ஷனைப் பொருத்தி, லாகில் எழுத வையுங்கள். பைத்தான் 3.8 முதல் இருக்கிறது.

அடிக்கடி வரும் காரணம், ஆப்ஜெக்ட்டைத் தயார்செய்யும் இனிட் மெத்தட் பாதியில் தோற்றுப்போவது. கனெக்‌ஷன் கிடைக்காமல் இனிட் எக்ஸெப்ஷன் எழுப்பினாலும் ஆப்ஜெக்ட் ஏற்கனவே பிறந்துவிட்டது, அதனால் டெல் மெத்தட் ஓடும். அங்கே செல்ஃப் டாட் கனெக்‌ஷன் என்று தேடும், அப்படி ஒன்று அமையவே இல்லை, அட்ரிபியூட் எரர். இனிட்டின் முதல் வரியிலேயே அதற்கு நன் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: புரோகிராம் தொங்கிவிடுகிறது, சிபியூ சும்மா இருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே கடினமானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வட்டத்தில் மாட்டிய ஆப்ஜெக்ட்டின் டெல் மெத்தட் எந்த த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் எந்த இழையில், ஓடும்? கலெக்டரைத் தூண்டியது எந்த த்ரெட்டோ அதில். எந்த வரியில்? சொல்ல முடியாது. ஒரு லிஸ்ட்டை உருவாக்கும் சாதாரண வரியிலும் ஓடலாம்.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் ஃபங்ஷன் ஒரு லாக்கைப் பூட்டிக்கொண்டு, உள்ளே ஒரு டிக்‌ஷனரி உருவாக்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கலெக்டர் ஓடுகிறது. எங்கோ கிடந்த பழைய ஆப்ஜெக்ட்டின் டெல் மெத்தட் கூப்பிடப்படுகிறது. அந்த டெல் மெத்தட்டும் அதே லாக்கைக் கேட்கிறது. லாக்கை வைத்திருப்பது இதே த்ரெட், டெல் மெத்தட் முடியாமல் அது நகராது. லாக் கிடைக்காமல் டெல் மெத்தட்டும் முடியாது. அவ்வளவுதான், காலம்பூராவும் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை வரும், எங்கே வரும் என்று தெரியாது, மறுபடி ஓட்டினால் வராது.

தொங்கி நிற்கும்போது புரோசெஸைக் கொன்றுவிடாதீர்கள். அதுதான் உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி. பை-ஸ்பை கருவியின் டம்ப் கட்டளையால் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபால்ட் ஹேண்ட்லர் மாட்யூலை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கலாம். ஸ்டேக்கில் கீழே ஒரு சாதாரண ஃபங்ஷன், அதற்கு மேல் யாரும் கூப்பிடாத டெல் மெத்தட், அதற்கு மேல் லாக் கேட்கும் வரி என்று இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

டெல் மெத்தட்டிலிருந்து லாக்கை எடுத்துவிடுங்கள். 'இதை மூட வேண்டும்' என்ற செய்தியை மட்டும் ஒரு வரிசையில் போட்டு, வேறொரு த்ரெட் மூடட்டும். அந்த வரிசைக்கு வழக்கமான கியூ கிளாஸைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குள்ளேயும் லாக் இருக்கிறது. சிம்பிள் கியூ பைத்தான் 3.7இல் வந்தது, அதன் புட் மெத்தட்டை டெல் மெத்தட்டுக்குள் கூப்பிடுவது பாதுகாப்பானது என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

அறிகுறி: புரோகிராம் முடியும்போது மட்டும் பிழை, அல்லது முடியும்போது ஒன்றுமே ஓடவில்லை

முடியும் நேரத்தில் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்படுகின்றன. டெல் மெத்தட் ஓடும்போது அது நம்பியிருக்கும் இன்னொரு மாட்யூல் ஏற்கனவே கலைந்திருக்கலாம். 'நன் டைப்பைக் கூப்பிட முடியாது' என்கிற பொருளில் ஒரு பிழை வந்தால் இதுதான். கடைசிவரை உயிரோடிருக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு டெல் மெத்தட் கட்டாயம் ஓடும் என்று பைத்தான் உறுதி தருவதும் இல்லை.

வீக்ரெஃப் மாட்யூலின் ஃபைனலைஸ் இதற்கு நல்லது. ஆப்ஜெக்ட் போகும்போது ஓடும், போகாவிட்டால் புரோகிராம் முடியும்போது, எல்லாம் கலையும் முன்பே ஓடும். ஒரே ஒரு கண்ணி உண்டு. அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷன் அதே ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டாக இருக்கக் கூடாது. இருந்தால் ஃபைனலைஸே அந்த ஆப்ஜெக்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அது என்றைக்கும் போகாது. ஜாவாவின் கிளீனரிலும் இதே கண்ணிதான். லாம்ப்டாவுக்குள் திஸ் நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் கனெக்‌ஷனை மட்டும் கொடுங்கள், முழு ஆப்ஜெக்ட்டை அல்ல.

ஒன்றுமே ஓடாவிட்டால் புரோகிராம் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். கன்டெய்னரில் ஓடும் புரோகிராமை நிறுத்தும் டாக்கர் ஸ்டாப் கட்டளை முதலில் 'முடித்துக்கொள்' என்ற சிக்டெர்ம் சிக்னலை அனுப்பும், இயல்பாகப் பத்து விநாடி பொறுக்கும், பிறகு அங்கேயே கொல்லும் சிக்கில். சிக்டெர்முக்குப் பைத்தான் தானாக எந்த ஏற்பாடும் செய்து வைப்பதில்லை. நீங்கள் ஹேண்ட்லர் எழுதாவிட்டால் புரோசெஸ் அங்கேயே சாகும், கன்டெய்னரின் முதல் புரோசெஸாக ஓடினால் சிக்டெர்மைக் கண்டுகொள்ளாமல் இருந்து சிக்கிலில் சாகும். ஃபைனலி ஓடாது, வித் பிளாக்கின் முடிவு ஓடாது, அட்எக்ஸிட் ஓடாது. சிஸ் எக்ஸிட்டைக் கூப்பிடும் ஒரு சின்ன ஹேண்ட்லர் போட்டால் போதும், மற்றதெல்லாம் முறையாக நடக்கும். சிக்கிலுக்கு எந்த மருந்தும் இல்லை. அதனால் பாதியில் செத்தாலும் அடுத்த முறை எழும்போது பழைய தற்காலிக ஃபைல்களைத் துடைக்கும்படி எழுதுவதுதான் வழி.

அறிகுறி: ஆப்ஜெக்ட் போய்விட்டது, மெமரி மட்டும் இறங்கவில்லை

வீக்ரெஃப் நன் தருகிறது, டெல் மெத்தட் ஓடிவிட்டது, ஆனால் கண்காணிப்புத் திரையில் கோடு மேலேயே நிற்கிறது. இது பெரும்பாலும் கசிவு அல்ல. சின்ன ஆப்ஜெக்ட்டுகளுக்குப் பைத்தான் இயங்குதளத்திடமிருந்து மெமரியை அரீனா என்ற பெரிய துண்டுகளாக வாங்குகிறது. பைத்தான் 3.10க்கு முன் ஒரு துண்டு 256 கிலோபைட், 3.10 முதல் 1 மெகாபைட். ஒரு துண்டு முழுக்கக் காலியானால்தான் திருப்பித் தரும். ஒரே ஒரு சின்ன ஆப்ஜெக்ட் அதில் மிச்சம் இருந்தாலும் முழுத் துண்டும் பைத்தானிடமே நிற்கும். காலி இடத்தை அடுத்த வேலைக்குத் தானே திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும்.

ஆகவே கோட்டின் உயரத்தைப் பார்க்காமல் அதன் போக்கைப் பாருங்கள். அதே அளவு வேலையை ஐந்து முறை ஓட்டுங்கள். முதல் முறை ஏறி, பிறகு சமமாகப் போனால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறினால் டிரேஸ்மாலாக்கைத் தொடங்கி, இரண்டாம் ஓட்டத்துக்குப் பின் ஒரு ஸ்னாப்ஷாட், ஐந்தாம் ஓட்டத்துக்குப் பின் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் எடுக்க வேண்டாம், கேஷ் நிரம்புவதையெல்லாம் கசிவு என்று காட்டிக் குழப்பும். பட்டியலின் உச்சியில் ஒரு ஃபைல் பெயரும் வரி எண்ணும் நிற்கும். அந்த வரியில் பிறந்த ஆப்ஜெக்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கெட் ரெஃபரர்ஸைக் கூப்பிடுங்கள்.